உப்புக் காற்றில் ஆர்சி கார்: கார்பன் மோட்டாரைச் சுத்தம் செய்யும் முறை

நான் வாங்கிய முதல் ஆர்சி காரின், அதாவது ரிமோட்டில் ஓட்டும் காரின், மோட்டார் ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் அலை நனைத்துவிட்டுப் போகும் ஓரம் தார் ரோடு மாதிரி இறுகிக் கிடக்கும். அங்கே ஓட்டினால் கார் பறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படி ஓட்டும்போது சின்ன அலை ஒன்று வண்டியின் அடிவரை ஏறிவிட்டது. வண்டி நிற்கவில்லை, நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்கு வந்து பழைய துண்டால் மேலே துடைத்துவிட்டு பீரோ மேல் வைத்தேன். அடுத்த ஞாயிறு ரிமோட்டின் டிரிகரை அழுத்தினால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். சக்கரம் அசையவில்லை.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எஞ்சின் வேலை, செல்ஃப் மோட்டார் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். மண்டபத்தில் போட் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் என் மோட்டாரை எடுத்துப் போனேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், தகர மடிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். உள்ளே செம்பு பளபளக்க வேண்டிய இடத்தில், தேய்க்காமல் போட்ட குத்துவிளக்கில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. "கடத்தண்ணி பட்டா அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணியில அலசணும் தம்பி. காலையில பாத்துக்கலாம்னு வச்சா காலையில மோட்டாரு இருக்காது" என்றார்.

அவர் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்ததும், அதற்குப் பிறகு நானே கெடுத்துக் கற்றதும்தான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கார் வாங்கி, தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் எங்கே ஓட்டுபவராக இருந்தாலும் இது பயன்படும்.

உள்ளே என்ன இருக்கிறது

தொடக்க நிலை கார்களில் பெரும்பாலும் வருவது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். மிக்ஸி ரிப்பேர்காரர் "கார்பன் தேஞ்சிருச்சு, மாத்தணும்" என்பாரே, அதே சமாச்சாரம்தான். தகர உறைக்குள் எதிரெதிராக இரண்டு காந்தம். நடுவில் சுழலும் ஆர்மேச்சரில் மூன்று கட்டாகச் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதன் ஒரு முனையில் செம்பு வளையம் மூன்று துண்டாகப் பிரிந்திருக்கும், அது கம்யூட்டேட்டர். இரண்டு பக்கமும் இரண்டு கார்பன் கட்டைகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் அதன் மேல் உரசியபடியே மின்சாரத்தை உள்ளே கொண்டுபோகும். உரசுவதால் கார்பன் தேயும்; தேய்ந்த கரித்தூள் உள்ளேயே தங்கும். வீட்டுக்குள் ஓட்டினாலும் இது நடக்கும்.

நம் கரையில் இதோடு இரண்டு எதிரிகள் சேர்கின்றன. ஒன்று மணல். ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கடற்கரை மணலில் இழுத்துப் பாருங்கள், பையின் மேல் கருந்துகள் மீசை மாதிரி நிற்கும். மோட்டாருக்குள் இரண்டு காந்தம் இருக்கிறதே, அந்தத் துகள் தானாக உள்ளே தேடிப் போகும். மற்றொன்று உப்பு. மழை நாளில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் அப்படி ஆகிறது. மோட்டாருக்குள் காய்ந்துபோன உப்பும் இதைத்தான் செய்கிறது: பகலில் காய்ந்த மாதிரி இருக்கும், ராத்திரி ஈரமாகும், செம்பையும் இரும்பையும் அரிக்கும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காலமெல்லாம் துருவோடு போராடியதற்கும் இதே காற்றுதான் காரணம். அதனால்தான் சுத்தம் செய்வதை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வேண்டியவை

பெரிய செலவு இல்லை. பழைய டூத் பிரஷ், சின்ன பெயின்ட் பிரஷ், பல் குச்சி, காது குடையும் பஞ்சுக் குச்சி, ஆலன் கீ, வெள்ளைத் துணி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில். தையல் மெஷின் எண்ணெய் ஒன்று, அதைச் சொட்டாக விட ஊசி போட்ட சிரிஞ்ச் ஒன்று. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு கழுவ வைத்திருப்பார்கள், 'ஐபிஏ' என்று கேட்டால் தெரியும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைத்தால் அதுவும் சரி.

சானிடைசர் வேண்டாம், அதில் கலந்த பசை உள்ளே ஒட்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெயும் கூடாது, கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். இன்னொன்று: களிம்பு பிடித்த பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்த பழக்கத்தில் கம்யூட்டேட்டரிலும் புளியோ எலுமிச்சையோ தடவாதீர்கள். அந்த அமிலம் இடுக்குகளில் தங்கி முன்பைவிட வேகமாக அரிக்கும். என் அக்கா மகன் அப்படி ஒரு மோட்டாரைக் கெடுத்தான்.

ஓட்டி முடித்ததும் கரையிலேயே

பேட்டரியைக் கழற்றுங்கள். இது முதல் வேலை, இதற்கு விதிவிலக்கே இல்லை. சுத்தம் செய்யும்போது கை தவறி டிரிகரில் பட்டால் பல்சக்கரம் விரல் சதையைப் பிய்த்துவிடும்.

பிறகு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்து மூன்று எண்ணும்வரை தாங்க முடிந்தால் பரவாயில்லை. சட்டென்று கையை இழுக்க வேண்டியிருந்தால் சூடு அதிகம். அடிக்கடி அப்படிச் சூடானால் காந்தத்தின் பலம் குறையும், கார்பனைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகும். உதிரி மணலில் ஓட்டுவது மோட்டாருக்கு மேடேறுவது மாதிரி. அதற்குப் பினியனில், அதாவது மோட்டார் தண்டில் மாட்டியிருக்கும் சின்னப் பல்சக்கரத்தில், ஒன்றிரண்டு பல் குறைத்துப் போடுங்கள்; வேகம் கொஞ்சம் குறையும், மோட்டார் பிழைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு பேட்டரி தீர்ந்ததும் அடுத்ததை உடனே மாட்டாமல் கால் மணி நேரம் நிழலில் வையுங்கள்.

ஆறியதும் கைப்பம்பால் காற்றோட்டத் துளைகளுக்குள் ஊதுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஊதலாமா என்று கேட்பார்கள். ஊதலாம், ஆனால் டேங்கில் தண்ணீர் தங்கியிருக்கும். முதலில் காற்றை வெறுமனே திறந்துவிட்டு, ஈரம் வரவில்லை என்று உள்ளங்கையில் பார்த்த பிறகு, தூரத்தில் பிடித்து ஊதுங்கள்.

வீட்டில், மோட்டாரைக் கழற்றி

பத்துக்கு ஒன்று அளவுக் கார்களில், அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளவற்றில், வருவது பெரும்பாலும் 540 மோட்டார்: உறையின் குறுக்களவு சுமார் 36 மில்லிமீட்டர், நீளம் 50, தண்டு 3.17. அதைப் பிடித்திருப்பவை இரண்டு ஸ்க்ரூ. கழற்றும்போது எந்த வயர் எந்த முனையில் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பினியனின் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி அதையும் உருவி எடுங்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வையுங்கள். இரும்புத்தூள் கிடக்கும் பட்டறை மேஜையில் வைத்தால் காந்தம் அத்தனையையும் இழுத்துக்கொள்ளும்.

இப்போது எதையும் ஊற்றுவதற்கு முன் தண்டை இரண்டு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல மோட்டார் ஒரு சுற்றில் ஆறு இடத்தில் மெல்லத் தயங்கி, பிறகு தானே அடுத்த இடத்துக்கு நழுவும். இரண்டு காந்தமும், கம்பி சுற்றிய ஆர்மேச்சரின் மூன்று பல்லும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆறு தயக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காதருகே வைத்துச் சுற்றும்போது சர்க்கரையை நறநறவென்று கடிப்பது போலக் கேட்டால் மணல் போயிருக்கிறது. தண்டை முன்னும் பின்னும் இழுத்தால் மயிரிழை அசைவு இருப்பது சரி. பக்கவாட்டில் ஆடினால் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்துவிட்டது.

அடுத்து போன் டார்ச்சை வைத்து பின்பக்கத் துளைக்குள் பாருங்கள். கம்யூட்டேட்டர் தெரியும். தேநீர்க் கறை மாதிரி இளம் பழுப்புப் பளபளப்பு இருந்தால் தொட வேண்டாம், அந்தப் படலம் கார்பன் வழுக்கி ஓட உதவுகிறது. புதியவர்கள் பலரும் அதையும் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். கருகிய கோடு, பச்சை நிறம், மூன்று துண்டுகளுக்கு இடையிலுள்ள கீறலில் அடைந்த கரி, இவைதான் வேலை வைக்கும்.

இனி மோட்டார் எந்த வகை என்று பார்க்க வேண்டும். உறையின் விளிம்பைத் தட்டி மடித்து மூடியிருந்தால் மூடிய மோட்டார். காருடன் வரும் மலிவான மோட்டார்கள் பெரும்பாலும் இதுதான். பின்மூடியில் ஸ்க்ரூவும், வெளியே தெரியும் ஸ்பிரிங்கும் கார்பனும் இருந்தால் பிரித்து மாட்டும் மோட்டார்.

மூடிய மோட்டார்

இதைத் திறக்கக் கூடாது. போட் மெக்கானிக் அண்ணன் என் மோட்டாரைத் திறந்தார் என்றால் அது ஏற்கெனவே செத்துப்போனது. மடிப்பை நெம்பினால் மறுபடி அதே இறுக்கத்தில் உட்காராது.

காய்ந்த தூசி மட்டும் என்றால் பெயின்ட் பிரஷால் துளைகளைத் துடைத்து, பம்பால் ஊதி, சிரிஞ்சில் ஐபிஏ எடுத்துத் துளை வழியே கம்யூட்டேட்டர் மேல் பீய்ச்சித் தண்டைக் கையால் சுற்றுங்கள். கறுப்பாக வடியும். மோட்டாரைச் சாய்த்து வடியவிட்டு மறுபடி பீய்ச்சுங்கள். வெள்ளைத் துணியில் விழும் சொட்டு தெளிந்து வரும்வரை மூன்று, நான்கு தடவை.

மணலோ கடல் ஈரமோ போயிருந்தால் தண்ணீர்க் குளியல் வேண்டும். உப்பு தண்ணீரில்தான் கரையும். ஐபிஏ அதைச் சரியாகக் கரைக்காது. நம் ஊர் போர் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு. அதில் கழுவினால் ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வரும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் நல்ல தண்ணீரில் முதலில் நன்றாக அலசுங்கள், கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மோட்டாரை முழுக்கி, இரண்டு ஏஏ பேட்டரி மட்டும் இணைத்து, அதாவது 3 வோல்ட், அரை நிமிஷம் ஓடவிடுங்கள். தண்ணீர் சட்டென்று மேகம் மாதிரி சாம்பல் நிறமாகும். மணல் டம்ளரின் அடியில் தங்கும். தண்ணீரை மாற்றி இன்னொரு அரை நிமிஷம். போதும். தண்ணீருக்குள் கார்பன் வேகமாகத் தேயும், அதனால் பத்து நிமிஷம் ஓட்டுவது சுத்தம் இல்லை, ஆயுளைக் குறைப்பது. காரின் 7.2 வோல்ட் பேட்டரியை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். காருக்குள் இருக்கும்போதே தண்ணீரில் விடுவதும் கூடாது.

எடுத்ததும் உதறி, உள்ளே ஐபிஏ பீய்ச்சுங்கள். மிச்சத் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஃபேன் காற்றில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். மொட்டை மாடியில் காய வைத்தால் கடல்காற்று மறுபடி உப்பைக் கொண்டுவந்து பூசும், வீட்டுக்குள்ளேயே காயட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐபிஏவும் கிளீனர் ஸ்பிரேயும் தீப்பற்றும். மிக்ஸி ஓடும்போது அடியில் நீலப் பொறி தெரியுமே, இந்த மோட்டாருக்குள்ளும் அதே பொறி பறக்கிறது. வாசம் முழுக்கப் போகும்வரை பேட்டரி இணைக்கக் கூடாது. கொசுவத்திச் சுருள், அடுப்பு, சாமி விளக்கு இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிரித்து மாட்டும் மோட்டார்

பின்மூடி எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று உறைக்கும் மூடிக்கும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோணம் மாறினால் டைமிங், அதாவது கார்பன் ஒரு செம்புத் துண்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும் நேரம், மாறும், மோட்டார் காரணமே தெரியாமல் சூடாகும். ஸ்பிரிங்கை மெல்லத் தூக்கிக் கார்பனை உருவுங்கள். இடது எது, வலது எது, மேல் பக்கம் எது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு ஏற்பக் குழிந்து தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் மறுபடி படிய நாளாகும்.

கார்பனின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முழு முகமும் சீராகப் பளபளத்தால் நல்லது. பாதி மட்டும் பளபளப்பு என்றால் சரியாக உட்காரவில்லை. ஓரம் உடைந்திருந்தாலோ, நீளம் புதிதில் இருந்ததில் பாதிக்கு வந்திருந்தாலோ இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. ஸ்பிரிங் நீலம் பாரித்திருந்தால் சூட்டில் பலம் போய்விட்டது. பலமில்லாத ஸ்பிரிங் கார்பனைத் துள்ளவிடும், துள்ளினால் பொறி, பொறியால் கம்யூட்டேட்டர் கருகும். ஸ்பிரிங் விலை கொஞ்சம்தான், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஆர்மேச்சரை வெளியே எடுக்கும்போது தண்டில் உள்ள மெல்லிய வாஷர்கள் முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணெயில் அவை உள்மூடியில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போகும். நான் ஒன்றைத் தரையெல்லாம் தேடி, கடைசியில் மூடிக்குள் கண்டெடுத்திருக்கிறேன். கம்யூட்டேட்டரை ஐபிஏ நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். துண்டுகளுக்கு இடையிலுள்ள மூன்று கீறலிலும் பல் குச்சியை இழுத்து அடைந்த கரியை எடுங்கள். அது செம்புத் துண்டுகளுக்கு இடையே பாலம் போட்டு மின்சாரத்தைத் திருடும். லேசான கருமை போகாவிட்டால் இங்க் அழிக்கும் சொரசொரப்பான ரப்பரால் சுற்றிலும் சீராகத் தேய்க்கலாம். எமரித்தாள் போடாதீர்கள், அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனை அரம் மாதிரி அராவும். விரல் நகத்தில் தட்டுப்படும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் கையால் சரி செய்ய முடியாது. கம்யூட்டேட்டர் லேத்தில் கடைய வேண்டும். வைண்டிங் கடைக்காரருக்குத் தெரிந்த லேத் பட்டறை இருக்கும், ஆனால் மெல்லிய சீவலாக எடுக்கத் தெரிந்த கையா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

காந்தத்தில் ஒட்டிய கருந்துகளைப் பிரஷ் தள்ளிவிடாது. செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள்.

எண்ணெய்

முன்னால் ஒரு சொட்டு, பின்னால் ஒரு சொட்டு. தண்டு உறையை விட்டு வெளியே வரும் இரண்டு இடத்தில் மட்டும், ஊசி முனையால். புஷ் என்பது பொடியை அழுத்திச் செய்த வெண்கலம், பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு பல ஓட்டத்துக்கு வரும். நல்லது என்று நினைத்து நான் ஒரு தடவை தாராளமாக விட்டேன். எண்ணெய் கம்யூட்டேட்டருக்கு வழிந்து, கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்புக் குழம்பாகி, ஓடும்போது புகைந்தது. அப்படி ஆனால் மறுபடி ஐபிஏ போட்டுக் கழுவ வேண்டியதுதான். எண்ணெய் விட்ட பிறகு தண்டைச் சில சுற்று சுற்றி, வெளியே நிற்பதைத் துணியால் ஒற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டுதல்

மோட்டாரைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவும் பழைய நீளத்திலேயே இருக்கட்டும். தொலைந்துவிட்டது என்று நீளமான ஒன்றை முறுக்கினால் அதன் முனை உள்ளே கம்பிச் சுற்றைத் தொடும். பினியனுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் நோட்டுத் தாள் கீற்று ஒன்றை விட்டு அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிந்து மடிந்து வர வேண்டும், கிழியக் கூடாது. அதுதான் சரியான இடைவெளி. முழுச் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால், காரில் மாட்டுவதற்கு முன்பே இரண்டு சோதனை. மோட்டாரின் முனைக்கும் தகர உறைக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது. 'பீப்' வந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். அடுத்து, பினியன் இல்லாமல், 10 ஆம்பியர் அளவில் மீட்டரை வைத்து, சுமையில்லாமல் ஓடும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். மோட்டார் புதிதாக இருக்கும்போதே இதை ஒரு தடவை எடுத்துக் காரின் பெட்டி மூடிக்குள் தேதியோடு எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அதே வோல்ட்டில் எடுக்க வேண்டும். சுத்தம் செய்த பிறகும் அந்த எண் முதல் எண்ணைவிட நன்றாக ஏறியே நின்றால் புஷ்ஷோ கம்யூட்டேட்டரோ கெட்டிருக்கிறது.

ஓட்டாத நாட்களில்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கம் மணல் ரோட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாளில் நான் காரை வெளியே எடுப்பதில்லை. வாடைக் காலத்தில் மழையும் ஈரமும். இரண்டுக்கும் ஒரே வழிதான்: மோட்டாரின் தகர உறையையும் வெளியே நீளும் தண்டையும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுவது. பொட்டலத்தை மழைக்காலம் முடிவதற்குள் ஒரு தடவையாவது மாற்றுங்கள். மாசம் ஒரு முறை டப்பாவைத் திறந்து, தண்டை இரண்டு விரலால் சுற்றி, அந்த ஆறு தயக்கமும் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். ஒன்று பிசகினாலும் அன்றைக்கே ஐபிஏ பாட்டிலை எடுங்கள்.